சீனித்தம்பி ஓடிப்போகவில்லை

மருதமுனை
30.01.1985

மச்சான் அப்துல் கபூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொன்னேன். உன் சுகத்தை விசாரித்து எழுதும் மனம் இன்றைக்கு எனக்கு இல்லை.

ஊர்ச் செய்தியை முதலில் முடித்து விடுகிறேன், பிறகு மறந்து போகும். உன் பேரனுக்கு அம்மை இறங்கி, தலைக்கு வார்த்து விட்டார்கள். ஸுல்பிகா படிப்பிக்கப் பாடசாலைக்குப் போய் வருகிறாள். வெள்ளிக்கிழமை தங்கை மைமூனாவின் கபுறடிக்குப் போய் யாஸீன் ஓதினேன். அடைமழையில் சரிந்த உங்கள் வேலியை நிமிர்த்திக் கட்டியாயிற்று. வயலில் கதிர் முற்றி நிற்கிறது. வெட்டுக்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. பொழுதுபட்டால் இப்போது யாரும் வெளியில் நிற்பதில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை கல்முனை மண்டபத்தில் நீ செய்த காரியத்துக்கு வருகிறேன்.

நம் பழைய படைவீரர் ஒன்றியத்தின் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு நீ கொழும்பிலிருந்து அனுப்பிய கடிதம் என் முன்னால் கிடக்கிறது. “யுத்தத்துக்கு எகிப்து போய் வந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறோம். மிஞ்சியிருப்பவர்களின் குரலையாவது கசெட்டில் பிடித்து வைக்க வேண்டும். கண்டதைக் கண்டபடி, ஒளிக்காமல் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தாய். நல்ல வசனம். நான் அதை நம்பினேன். உன் மகளிடமே ரெக்கோடரைக் கொடுத்து, மாமாவின் குரலை நீயே பதி என்று சொல்லி விட்டாய். மார்கழி விடுமுறையில் ஸுல்பிகா மூன்று நாள் என் வீட்டுக்கு வந்து முன்னால் உட்கார்ந்தாள். நானும் கண்டதைக் கண்டபடி சொன்னேன்.

ஞாயிறன்று பதினொரு பேரின் குரல்களை ஒலிபெருக்கியில் போட்டீர்கள். நிந்தவூர் அப்துல் ஸமட் ஒட்டகத்திடம் கடி வாங்கிய கதைக்கு மண்டபமே சிரித்தது. பிறகு என் குரல் வந்தது. கப்பல், சுயெஸ், வெயில், முகாம், வெடிமருந்துக் களஞ்சியம். “அண்டைக்கு வெள்ளிக்கிழமை, பகல் காவலுக்கு” என்று என் குரல் சொன்னது. ஒரு ‘டக்’. உடனே “கப்பல் கொழும்புக்கு வந்து சேந்தவுடனே மண்ணத் தொட்டு முத்தம் குடுத்த” என்கிறேன். மூன்று வருஷத்தை நீ ஒரு விரலால் விழுங்கி விட்டாய்.

மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையோடு ஒரு பொம்பிளை இருந்தாளே, அவள் யார் என்று நீ மேடையிலிருந்து அரபாத் மாஸ்டரிடம் கேட்டாயாம். பெரியநீலாவணைப் பூரணம். சீனித்தம்பியின் தங்கை. நான்தான் அவளை வரச் சொன்னேன். “உன்ட அண்ணனுக்கு என்ன நடந்தது எண்டு ஞாயித்துக்கிழம கேப்பா, தங்கச்சி” என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நேருக்கு நேர் சொல்லத் தைரியம் இல்லாமல், மெஷின் சொல்லட்டும் என்று நினைத்த கோழை நான். இந்த நாளையில் ஒரு தமிழ்ப் பொம்பிளை இரண்டு சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி, நம்முடைய கூட்டத்துக்குத் தனியாக வந்தாள். வந்து, நாம் பேரீச்சம்பழம் தின்ற கதையைக் கேட்டாள்.

எல்லாம் முடிந்து கைதட்டும்போது என் கிட்ட வந்தாள். “இவ்வளவுதானா, காக்கா? அண்ணன்ட பேரே வரல்லியே” என்றாள். அண்ணன் என்று நினைத்துத்தான் என்னைக் காக்கா என்கிறாள். அதே நேரம் நீ என்னை மேடைக்குக் கூப்பிட்டாய். என் தோளில் பொன்னாடை போட்டாய். நானும் குனிந்து கொடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. பஸ்ஸில் ஏறிப் பாண்டிருப்பு தாண்டும்வரை அந்தப் பொன்னாடை என் தோளிலேயே கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அதை வீட்டில் ஆட்டுக்குட்டி கட்டும் இடத்தில் விரித்திருக்கிறேன்.

நீ வெட்டியதை இங்கே எழுதுகிறேன். இதையும் கிழிக்கலாம். ஆனால் கார்பன் வைத்து எழுதுகிறேன், பிரதி என்னிடம் இருக்கும்.

நாற்பத்திரண்டில் நாம் மூன்று பேரும் ஒரே நாளில் கல்முனையில் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தோம். நீ, நான், சீனித்தம்பி. கப்பலில் நாம் இரண்டு பேரும் ஒன்பது நாள் தலை தூக்கவில்லை. கடற்காரன் அவன் ஒருவன்தான் நிமிர்ந்து நடந்தான். உன் வாந்தி வாளியைக் கழுவியவன் அவன், கபூர். முகாமில் டின் இறைச்சி அவனுக்கு ஆகாது. அதை நமக்குத் தந்துவிட்டு நம்முடைய ஜாமை வாங்கிப் பாணில் பூசித் தின்பான். எழுதத் தெரியாது. தாய்க்குக் கடிதம் என்னைக் கொண்டுதான் எழுதுவித்தான். ஒவ்வொரு கடிதத்திலும், தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தால் மறிக்க வேண்டாம் என்று ஒரு வரி இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பகல் காவல் உன்னுடையது. காவல் இடாப்பில் உன் பெயர். மைமூனாவுக்குப் பட்டுச் சால்வை வாங்க வேண்டும் என்று, பாஸ் இல்லாமல் கம்பிக்குக் கீழால் நகரத்துக்குப் போனாய். கேட்டால் ஜும்ஆவுக்குப் போனதாகச் சொல்வாய் என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாய். உனக்குப் பதிலாகச் சீனித்தம்பியை நிற்க விட்டாய். பின்னேரம் அஸர் நேரம் களஞ்சியம் வெடித்தது. முகாமின் மறு பக்கத்தில் நின்ற எனக்கே இரண்டு நாள் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது. அவன் நின்ற இடத்தில் பள்ளம்தான் இருந்தது. எடுத்து அடக்க ஒரு நகமும் கிடைக்கவில்லை.

பொழுதுபடும் நேரம் துரை பெயர் கூப்பிட்டார். நீ எப்படியோ வந்து வரிசையில் நின்றாய். சட்டைக்குள் சால்வைப் பொதி. காவலில் நின்றது யார் என்று கேட்டார். “நான்தான், சேர். நெருப்பக் கண்டு ஓடித் தப்பினேன்” என்றாய். அப்படியானால் சீனித்தம்பி எங்கே என்றார். “பகல் சோத்துக்குப் பிறகு மூட்டையோட வாசல் பக்கம் போனத்தக் கண்ட” என்றாய். மூட்டை. அந்த மூட்டையை எங்கிருந்து எடுத்தாய்? நாற்பத்திரண்டு வருஷமாக யோசிக்கிறேன்.

துரை என் பக்கம் திரும்பினார். நீ பின்னாலிருந்து என் கையைப் பிடித்தாய். உன் கை நனைந்திருந்தது. காவலை விட்டுப் போனவனுக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். மைமூனாவை உனக்குப் பேசி வைத்திருந்தது. செத்தவனுக்கு இனி என்ன நோகப் போகிறது என்று நினைத்தேன். அவனுக்கு ஒரு தாய் இருப்பதை நினைக்கவில்லை. “ஓம், சேர். நானும் கண்ட” என்றேன்.

இதைத்தான் கசெட்டில் சொன்னேன். என் பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னேன். உன் மகள் மெஷினை நிறுத்தவில்லை. பக்கம் முடிந்தபோது கசெட்டைத் திருப்பிப் போட்டாள். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். “உம்மாக்குத் தெரியுமா, மாமா?” தெரியாது என்றேன். உண்மை அதுதான். தெரிந்திருந்தால் என் தங்கை அந்தச் சால்வையைக் கலியாணத்தன்று தலையில் போட்டிருக்க மாட்டாள். அவள் உயிரோடு இருக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். போன வருஷம் அவளும் போய்விட்டாள். இனி யாருக்காக நான் மூடி வைக்க வேண்டும்?

அசல் கசெட்டைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு. ஒரு கிழமைக்குள் வந்து சேர வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் தபால்காரனாக இருந்தவன் நான். கொழும்பிலிருந்து எத்தனை நாள் என்று எனக்கு யாரும் கதை சொல்ல வேண்டாம்.

வஸ்ஸலாம்.
அபுல் ஹஸன்


மருதமுனை
03.03.1985

கபூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் பதில் கிடைத்தது. அதை ஸுல்பிகாவுக்கும் வாசிக்கக் கொடுத்தேன். நெஞ்சு நோவுக்கு மறுபடியும் டொக்டரிடம் போனதாக எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்கு மட்டும் கவலைப்பட்டேன். மருந்தை நேரத்துக்குக் குடி. படியேறிப் போகும் வேலைகளை மருமகனிடம் விடு.

மற்ற வரிகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

அசல் கசெட் இப்போது இல்லை, அதன்மேல் ஒரு மௌலவியின் பயானைப் பதிந்து விட்டேன், உனக்கும் அதில் நன்மை சேரும் என்று எழுதியிருக்கிறாய். வாசித்தவுடன் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, கை கால் கழுவி ஒளூச் செய்யப் போனேன். இல்லாவிட்டால் வாயால் என்ன வந்திருக்குமோ தெரியாது. ஒருவன் செத்த சாட்சியத்தை அழித்து, அந்த இடத்தில் அல்லாஹ்வின் பேச்சைப் பதிந்தாயா? அந்தப் பயானில் பொய்ச்சாட்சி பற்றி மௌலவி ஒன்றும் சொல்லவில்லையா?

காலம் சரியில்லை, நம்மவர்களுக்கும் தமிழருக்கும் இடையில் இப்போது இருக்கும் நிலைமையில் அவர்கள் கையில் பொல்லைக் கொடுக்காதே என்று எழுதியிருக்கிறாய். காலம் சரியாக இருந்த நாளெல்லாம் நீ ஏன் சொல்லவில்லை? ஐம்பதில் சொல்லியிருக்கலாம். அறுபதில் சொல்லியிருக்கலாம். அப்போதெல்லாம் அவர்களுடைய மீனை நாமும், நாம் நெய்த சாரத்தை அவர்களும் வாங்கிக்கொண்டுதான் இருந்தோம். உன் பயத்துக்கு இரண்டு ஊர்களையும் காரணம் ஆக்காதே.

“நீயும்தானே ஓம் எண்ட” என்று எழுதியிருக்கிறாய். ஓம். நான் பெரியநீலாவணைக்குப் போனதே அதனால்தான்.

கடல் ஆறி, கரைவலை தொடங்கிவிட்டார்கள். நேற்றுச் சனிக்கிழமை காலையில் புறப்பட்டேன். வாசல் படலையடியில் ஸுல்பிகா நின்றாள். “நானும் வாறேன், மாமா” என்றாள். வேண்டாம், நிலைமை தெரியாதா என்றேன். “என்ட மெஷினுக்குச் சென்ன கதைதானே” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பூரணம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விளக்குமாற்றைப் பிடித்தபடி கேட்டாள். நான் முடித்தபோது அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“முப்பத்திரண்டு வருசம் எங்கட படலையாலதானே சைக்கிள்ள போனீங்க, காக்கா?” என்று கேட்டாள். “அம்மா ஒவ்வொரு நாளும் ஓடி வந்து கேப்பாவே, எகிப்துக் கடிதம் இரிக்கா எண்டு. நீங்க இல்ல எண்டுதானே சொன்னீங்க.”

ஓம் என்றேன்.

“பொலிஸ் மூண்டு தரம் வந்து எங்கட வீட்டக் கிளறினவங்க. அதெல்லாம் பெரிசில்ல. ஓடினவன் எங்கயோ உசிரோடதான் இரிப்பான் எண்டு அம்மா நம்பினவ. அங்க ஒருத்தியக் கட்டிப் புள்ள குட்டியோட இரிக்கான், பெத்தவள மறந்திட்டான் எண்டு ஏசி ஏசித்தான் செத்தவ. கடைசி நாள் அவன்ட பேரச் சொன்னதுக்கு என்ன வெளிய போகச் சொன்னவ. செத்தவன ஒரு தாய் சபிச்சிரிக்கா, காக்கா. அந்தச் சாபத்த இப்ப யாரு எடுக்கிற?”

கபூர், யுத்தத்தில் வெடித்த எந்தக் குண்டும் என்னை இப்படிப் பிய்க்கவில்லை. அறுபத்தொன்றில் அந்தக் கிழவியின் சாவு வீட்டுக்கு நான் போயிருந்தேன். பந்தலுக்கு வெளியே நின்று தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சாகுமுன் சொல்லியிருந்தால் அவள் தன் மகனுக்காக அழுதிருப்பாள். நாம் இரண்டு பேரும் அவளிடமிருந்து அதைக்கூட எடுத்துக்கொண்டோம்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். “எனக்கு மட்டும் சொல்லிக் காணாது. ஓடிப்போனவன்ட தங்கச்சி எண்டு என்னச் சொன்ன ஊர் இது. கடற்கரையில ஆக்கள் நிக்கிறாங்க, வந்து சொல்லுங்க” என்றாள்.

போனோம். வலை பாதி ஏறியிருந்தது. முப்பது நாற்பது பேர் கயிற்றில் நின்றார்கள். தொப்பி போட்ட கிழவனும் முக்காடு போட்ட பொம்பிளையும் மணலில் இறங்கி வருவதைப் பார்த்து இளந்தாரிகள் சிலர் கயிற்றை விட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் முகம் நல்லதாக இல்லை. பூரணம் எனக்கு முன்னால் போய் நின்றாள். “இவர் தபால்காரக் காக்கா. அண்ணனோட பட்டாளத்தில இருந்தவர். சொல்லட்டும், விடுங்க” என்றாள்.

சொன்னேன். சீனித்தம்பி ஓடிப்போகவில்லை, காவலில் நின்ற இடத்திலேயே செத்தான், அவன் ஓடியதை நானும் கண்டேன் என்று பொய் சொன்னவன் நான் என்று சொன்னேன். மண்டபத்தில் வராத குரல் அங்கே வந்தது. கடல் இரைச்சலில் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.

வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி, வயதானவர், சீனித்தம்பியோடு தோணியில் போனவராம். அவர் கேட்டார். “நீங்க ‘நானும் கண்ட’ எண்டுதானே சொல்லியிரிக்கீங்க. அப்ப முதல்ல கண்ட எண்டு சொன்னவன் யாரு?”

உன்னைக் காப்பாற்ற நினைத்தேன் என்று எண்ணாதே. உன் மகள் பக்கத்தில் நிற்கும்போது உன் பெயர் என் வாயில் வரவில்லை. சம்மாட்டி இன்னொரு தரம் கேட்டார்.

“என்ட வாப்பா” என்றாள் ஸுல்பிகா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கதைக்கிற குரல் அது. “முதல்ல சென்னது என்ட வாப்பா. அண்டைக்குக் காவல் அவருக்கு. பேர் அப்துல் கபூர். மாமா சென்னத வெட்டினதும் அவர்தான்.”

ஒருவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். சம்மாட்டி அவனை அதட்டினார். கயிற்றை விட்டு வந்தவர்கள் கயிற்றுக்குத் திரும்பிப் போனார்கள். மன்னித்தார்களா என்று கேட்காதே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எங்களைப் போகவிட்டார்கள், அவ்வளவுதான். சம்மாட்டி மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு, “சீனி நிண்டிருப்பான். அவன் நிண்ட இடத்த விட்டு அசையிறவனில்ல” என்றார்.

திரும்பும்போது பூரணம் ஸுல்பிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் எல்லை வரைக்கும் வந்தாள். எல்லையில் நின்று உன் மகளிடம் சொன்னாள்: “வாப்பாவ வரச் சொல்லு, புள்ள. அவர நான் ஒண்டும் ஏசமாட்டன். அண்ணன அந்த இடத்தில நிப்பாட்டக்குள்ள அவன் என்ன சொன்னவன் எண்டு மட்டும் கேக்கணும். சிரிச்சிக்கொண்டு நிண்டவனா, மனமில்லாம நிண்டவனா? அது உன்ட வாப்பாக்குத்தானே தெரியும்.”

வீட்டு வாசலில் வைத்து ஸுல்பிகா, வாப்பாவுக்கு நீங்களே எழுதுங்கள், எனக்கு எழுத வரவில்லை என்றாள். இப்போது அவள் உனக்குக் கடிதம் போடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். நீ அவளை ஏசி எழுதாதே. ஊரார் முன்னால் தகப்பனின் பொய்யைச் சொன்ன பிள்ளை அன்றிரவு சோறு தின்னவில்லை.

கபூர், அந்தப் பகலை நான் நூறு தரம் சொன்னாலும் அதில் ஒரு துண்டு என்னிடம் இல்லை. நீ காவலைக் கைமாற்றியபோது நான் அங்கே நிற்கவில்லை. சீனித்தம்பி இந்த உலகத்தில் கடைசியாகக் கதைத்தது உன்னோடு. அது இப்போது உன் நெஞ்சுக்குள் மட்டும்தான் இருக்கிறது, அந்த நெஞ்சும் நோகிறது என்கிறாய். ஒரு மெஷினிலும் அது இல்லை. நீ மௌத்தானால் அவனும் உன்னோடு இரண்டாம் தரம் போவான்.

நோன்புக்கு முன் வா. பஸ் நிலைமை சரியில்லாவிட்டால் மட்டக்களப்பு வரை ரயிலில் வா, நான் அங்கே வந்து நிற்கிறேன். உன்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகும் அளவுக்கு எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கூட்டிப் போவேன். வரிசையில் நீ என் கையைப் பிடித்தாய், நான் விடவில்லை. இதற்கும் விட மாட்டேன்.

அவன் சொன்னதை அவளிடம் நீ சொல்லும் வரைக்காவது அல்லாஹ் உன்னை உயிரோடு வைத்திருக்கட்டும்.

வஸ்ஸலாம்.
அபுல் ஹஸன்